பருந்து என்று பெயர் வைத்தவர்களுக்கு, கரையிலிருந்து ஒரு மடல்

விசாகப்பட்டினத்தில் இருக்கும் கிழக்குக் கடற்படைத் தலைமைக்கும், தமிழ்நாடு-புதுச்சேரி கடற்படைப் பகுதி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் ராமநாதபுரம் கரையோரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. உச்சிப்புளித் தளத்திலிருந்து கிளம்பும் உங்கள் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு வளர்ந்தவன். கடற்படை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, உண்மையில் பெருமைதான். அந்த உரிமையில்தான், கடலில் நீங்கள் எங்களோடு பேசுகிற விதம் பற்றி இதை எழுதுகிறேன்.

கடற்படை என்றால் மும்பையும் விசாகப்பட்டினமும், அங்கே நிற்கும் பெரிய கப்பல்களும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் கதை வேறு. மும்பைத் துறைமுகத்தில் வணிகக் கப்பல்களோடு இடித்துப் பிடித்து நிற்க வேண்டியிருந்ததால் கார்வாரில் தனித் தளம் கட்டினீர்கள், 2005-ல் அது ஐஎன்எஸ் கடம்பா ஆனது. லட்சத்தீவில் கவரத்தியில் 2012-ல் ஒன்று, 2024 மார்ச்சில் மினிக்காயில் ஐஎன்எஸ் ஜடாயு. அந்தப் பக்கம் அந்தமானில் 2001-லிருந்தே முப்படைகளும் சேர்ந்த கட்டளைத் தலைமையகம், அதற்கும் தெற்கே கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் 2012-ல் ஐஎன்எஸ் பாஸ். பாரசீக வளைகுடாவிலிருந்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகிற கப்பல்கள் மினிக்காயை ஒட்டிய கால்வாய்கள் வழியாக வந்து, இலங்கையைச் சுற்றி, கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே மலாக்கா நீரிணைக்குள் நுழைகின்றன. அந்தப் பாதையின் இரண்டு வாசலிலும் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறான். கப்பல் எரிபொருள் தீர்ந்தால் திரும்பி வந்தாக வேண்டும், தீவு அங்கேயேதான் இருக்கும்.

சரி, அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் இருப்பது எங்கள் கரை. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் 1990-லிருந்து இயங்குகிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கி மேலே வந்து தலைகாட்டாமலே கரையிலிருந்து வரும் உத்தரவைக் கேட்க முடிகிறதென்றால், மிகத் தாழ்ந்த அலைவரிசையில் பேசும் இதுமாதிரி நிலையம்தான் காரணம். சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து 2013 முதல் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் வங்கக் கடலைச் சலித்துப் பார்க்கின்றன. 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே மூழ்கியபோது அந்த ராஜாளி ஓடுதளத்தைப் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிட்டீர்கள், அதை நாங்கள் மறக்கவில்லை. அப்புறம் எங்கள் வீட்டு வாசலில், உச்சிப்புளியில், 2009-ல் நிரந்தரத் தளமான ஐஎன்எஸ் பருந்து.

கட்டபொம்மன், ராஜாளி, பருந்து. எல்லாம் எங்கள் வாயில் புழங்குகிற பெயர்கள். கரையில் தமிழில் பெயர் வைத்த நீங்கள் கடலில் எங்களோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்? இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பக்கம் உங்கள் கப்பல் சுட்டதில் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் காயம்பட்டார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று உங்கள் தரப்பில் விளக்கம் வந்தது. இருக்கலாம். ஆனால் இரவு நேரம், எஞ்சின் சத்தம், காற்று, இதற்கு நடுவில் எங்கிருந்தோ ஒரு குரல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கத்தினால், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படைக்குப் பயந்து பயந்தே பழகிய ஒரு மனுசனுக்கு அது யார் குரல் என்று எப்படித் தெரியும்? எங்கள் ஆட்களின் கை முதலில் எஞ்சினை முறுக்கத்தான் போகும். ரோந்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலிலும் தமிழ் தெரிந்த ஒரு மாலுமி இருந்தால் போதும், "தம்பி, நம்ம நேவிதான், படகை நிப்பாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். உங்கள் பெரிய போர்க்கப்பல்கள் இங்கே உள்ளே வர முடியாது. தெற்கே இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-லிருந்து 99 வருடக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் இருக்கிறது, 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அங்கே வந்து நின்றபோது நாடே பேசியது. ஆனால் எங்கள் கடலில் தினமும் யார் வருகிறார்கள், எது புதுசு, எந்தப் படகு இந்த ஊர்ப் படகில்லை என்பதை முதலில் பார்ப்பவர்கள் வல்லத்திலும் விசைப்படகிலும் இருக்கும் எங்கள் ஆட்கள்தான். 2008-ல் மும்பைக்குள் கடல்வழியாக வந்து இறங்கிய பயங்கரவாதிகளைக் கரையில் முதலில் பார்த்து, யாரென்று கேட்டவர்கள் மீனவர்கள். அதற்கப்புறம்தான் கடல் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பும் உங்களிடம் வந்தது. மீனவர்கள் எங்கள் கண்ணும் காதும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டங்களில் நீங்கள் பேசுகிறீர்கள், நாங்கள் கேட்கிறோம், போட்டோ எடுத்ததும் முடிந்துவிடுகிறது. நீங்கள் சுடும் பயிற்சி எடுக்கும் பகுதி எது, எத்தனை நாள் என்பதைக் கூட ஊர்ச் சங்கத்துக்குத் தமிழில், நாங்கள் கடலுக்குக் கிளம்புவதற்கு முன்னாடியே, தெளிவாகச் சொல்லுங்கள். அரசாங்கத் தாளில் தீர்க்கரேகை எண்ணைப் போட்டு அனுப்பினால் நாட்டுப்படகுக்காரர் அதை வைத்து என்ன செய்வார்?

குமரிக்காரர்கள் இதைவிடப் பெரிதாக இழந்தவர்கள். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கொச்சியிலிருந்தும் மற்ற தளங்களிலிருந்தும் கப்பலும் விமானமும் போய்ப் பலரை மீட்டன, அதற்கு நன்றி உண்டு. ஆனாலும் கரையில் காத்திருந்த பெண்களுக்கு அந்த மணிநேரங்கள் எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மினிக்காயில் தளம் கட்ட முடிந்த நாட்டுக்கு, குமரிக் கரையில் ஒரு மீட்பு ஹெலிகாப்டரை நிரந்தரமாக நிறுத்த முடியாதா?

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், ஆட்களும் ஊரில்தான் இருப்பார்கள். அந்த நாட்களில் ஒரு நாள் உச்சிப்புளியிலிருந்து கிளம்பி மண்டபம் வாருங்கள், மேடை வேண்டாம், மைக் வேண்டாம், வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்தே பேசலாம். உங்கள் வயர்லெஸ்காரரையும் கூட்டி வாருங்கள், எந்தச் சேனலில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்வோம்.