அப்பாவின் ஆம்ப்ளிஃபையரில் துளை போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அப்பாவின் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிப் போட்டு, பக்கத்தில் டிரில்லிங் மெஷினையும் எடுத்து வைத்திருக்கிறாய். போனை இணைக்க ஆர்சிஏ சாக்கெட் (சிவப்பு, வெள்ளை பிளக் செருகுகிறோமே, அது) வைக்கத் துளை போடப் போகிறாய். முதலில் அந்த மெஷினைப் பரணில் ஏற்று.

பின்னால் இருக்கும் ஐந்து பின் வட்ட சாக்கெட்டுக்கு டின் என்று பெயர். ஜெர்மனிக்காரர்கள் வகுத்தது. எழுபதுகளில் பிலிப்ஸ், கிருண்டிக், இங்கிலாந்தின் குவாட் எல்லோரும் அதைத்தான் வைத்தார்கள். பின் எண்கள் வரிசையாக இருக்காது. 1, 4, 2, 5, 3 என்று சுற்றி வரும். நடுவில் உள்ள 2 கிரவுண்ட், அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு; 3 இடது, 5 வலது. 1, 4 இரண்டும் டேப்பில் பதிவு செய்ய வெளியே போகிறவை. அவற்றில் போனை இணைத்துவிட்டுப் பாட்டு வரவில்லை என்று பெட்டியைத் திட்டாதே.

சரி, ஆர்சிஏ சாக்கெட்டுக்கு வருவோம். அதன் வெளி உலோகம்தான் கிரவுண்ட். சேஸிஸும், அதாவது பெட்டியின் உலோக உடம்பும், கிரவுண்டும் ஒரே ஓர் இடத்தில்தான் சேர வேண்டும். சாக்கெட்டை நேராகச் சேஸிஸில் முடுக்கினால் இன்னோர் இடத்திலும் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அந்த வளையத்தில் புகுந்துகொள்ளும். என் முதல் ஆம்ப்ளிஃபையரில் இதைத்தான் செய்தேன். ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். கண்டென்சர் போயிற்று என்று நினைத்துப் புதிதாக மாற்றினேன், அப்போதும் போகவில்லை. கடைசியில் சாக்கெட்டைச் சேஸிஸில் படாமல் பிரித்த ஒரு பிளாஸ்டிக் வாஷர் தீர்த்தது, கண்டென்சருக்குச் செலவழித்ததுதான் மிச்சம்.

உன் பெட்டியில் டேப், டியூனர் சாக்கெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டேப் ரெக்கார்டர் எப்போதோ போய்விட்டது, ரேடியோவை நீ தொடப்போவதில்லை. இரண்டையும் கழற்று. ரிச்சி தெருவில் ஹைலம் (மின்சாரம் கடத்தாத தகடு) துண்டு ஒன்று வாங்கி, அதில் ஆர்சிஏ சாக்கெட்டுகளைப் பொருத்தி, பழைய ஸ்க்ரூ ஓட்டைகளிலேயே மாட்டு. இடது ஆர்சிஏ, டின் இருந்த ஒரு துளைக்கு நேராக, வலது அடுத்ததற்கு நேராக. துளை பெரிது, உலோகம் எங்கும் படாது, ஹைலமே வாஷர் வேலையையும் பார்த்துவிடும். ஒயர் வைக்கும் முன் சாக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வை. பீப் அடிக்கக் கூடாது. பிறகு ஷீல்டு ஒயரால் டியூனரின் 2, 3, 5 போன இடங்களுக்கு இணை.

பழைய பழுப்பு போர்டு சூடு தாங்காது. சால்டரிங் அயர்னை அழுத்திக்கொண்டே இருந்தால் செம்புத் தடம் உரிந்து கையோடு வரும். அப்புறம், பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே கை விடாதே. பெரிய கண்டென்சரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று அளந்து பார்.

கழற்றிய டின் சாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாதே. ஒரு கவரில் போட்டு, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டி வை. ஃபோனோ சாக்கெட்டில் மட்டும் கை வைக்காதே. அப்பாவின் இசைத்தட்டுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, பொங்கலுக்கு எடுத்து வருகிறேன்.

அக்கா