பழைய துண்டின் மேல் போட்ட பழி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் பாய்ந்த ஷெல் (எறிகணை) துண்டை உடம்பில் சுமந்து வாழ்பவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவனான என் தம்பிக்கு நேர்ந்ததை மற்றவர்களும் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

2009 இல் மாத்தளனில், 14 வயதில், அவனது வலது கெண்டைக்காலில் துண்டொன்று ஏறியது. பின்னாளில் அதே காலின் முழங்கால் நோகத் தொடங்கியபோது 'பழைய துண்டுதான் குத்துது' என்று வீட்டில் நாங்களும் சொன்னோம். காட்டிய இடத்திலும் அதையே சொல்லி எட்டு மாதம் வலிமாத்திரை தந்தார்கள். சைக்கிள் மிதிக்க முடியாமல் போன பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. படத்தில் அந்தத் துண்டு, சுண்டுவிரல் நகமளவில், சதைக்குள் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு வெகு மேலே, மூட்டை ஒட்டியபடி, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை அரித்த கருங்குழி ஒன்று தெரிந்தது.

அது இராட்சதக் கலக் கட்டி (giant cell tumour) என்னும் எலும்புக் கட்டி. அரிதானது; பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், முழங்காலைச் சுற்றி வருவது. புற்றுநோயல்ல என்று கேட்டு ஆறுதலடைந்தோம். ஆனால் அது எலும்பைத் தின்று மூட்டையே சிதைக்கும், மிகச் சிலருக்கு நுரையீரலுக்கும் பரவும் என்று பின்னர் அறிந்தோம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் துண்டைப் பற்றி நாமே சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுப்பதால், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ அருகில் துண்டிருந்தால் ஆபத்து. தம்பியின் எக்ஸ்ரேயைப் பார்த்த பின்பே கதிரியல் நிபுணர் சம்மதித்தார்.

ஊசியால் எடுத்த திசுவில் பல கருக்கள் கொண்ட பெருங்கலங்கள் நிறைந்திருந்தன. ஆயினும் கட்டியாக வளர்பவை அவையல்ல, அவற்றுக்கிடையே உள்ள ஒற்றைக்கருக் கலங்களே என்று வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இரத்தக் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும், கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் இதே தோற்றம் வருமாதலால் இரத்தத்தில் கல்சியமும் பார்த்தார்கள்.

சத்திரசிகிச்சையில் குழியைச் சுரண்டி, அதன் சுவரை அராவி, எலும்புச் சீமெந்தால் நிரப்பினார்கள். அது இறுகும்போது எழும் வெப்பம் எஞ்சிய கலங்களை அழிக்கவும் உதவுமாம். மூட்டு தப்பியது. கட்டி மீண்டும் வரக்கூடும், அதுவும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் என்பதால், வயல் வேலை எப்படியிருந்தாலும் கிளினிக் நாளை அவன் தவறவிடுவதில்லை.

துண்டோடு வாழும் வாசகர்களே, மூட்டு நோவு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், இரவில் நித்திரையைக் குழப்பினால், 'எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பாருங்கள்' என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
முள்ளியவளை