எங்கள் வீட்டுப் பக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய வண்டிகளை விடாமல் வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கஞ்சத்தனம், இல்லாவிட்டால் பழம்பெருமை, இரண்டில் ஒன்றுதான் காரணம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அடுத்த மூன்று நாளும் எங்கள் பழைய வண்டி யார் யார் வீட்டுச் சாமானையோ ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது, ஓட்டியது நான்.

1998-ல் கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவள் நான். டர்பனுக்கு வடக்கே டொங்காட், கரும்புக்காட்டு ஊர். வந்த மறுநாள் காலையில் மாமனார் வாசலில் நின்றுகொண்டு, "பக்கிய எடுத்துட்டு வரேன், புள்ளைய ரெடியா இருக்கச் சொல்லு" என்று சத்தம் போட்டார். நம் ஊரில் பக்கி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், சோற்றைக் கண்டால் பறக்கிறவனைத்தான் அல்பப் பக்கி என்போம். என்னைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது, முதல்நாள் ராத்திரி இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டது தப்பாகிவிட்டது என்று எனக்கு முகமே மாறிவிட்டது. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் விளங்கியது. பின்னால் திறந்த தொட்டி வைத்த சின்ன வண்டிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'பக்' என்றால் தொட்டி, பெட்டி மாதிரி. 'கி' சேர்த்தால் குட்டித் தொட்டி. நம்மூர்க்காரர்கள் டாட்டா ஏஸைக் குட்டியானை என்று செல்லமாகச் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

எங்களுடையது வெள்ளை நிசான் 1400, 1987-ல் செய்தது. 1971-ல் டாட்சன் 1200 என்று வந்த வண்டிதான் இது, 1980 வாக்கில் இன்ஜினைப் பெரிதாக்கி 1400 ஆக்கினார்கள். பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் இருக்கும் தொழிற்சாலையில் 2008 வரை கிட்டத்தட்ட அதே உருவத்தில் செய்துகொண்டே இருந்தார்கள். முப்பத்தேழு வருஷம்! இதனால் என்ன லாபம் என்றால், ஒரு சாமான் உடைந்தால் தேடி அலைய வேண்டாம். எங்கள் தெருவிலேயே கொல்லையில் ஒரு செத்த 1400-ஐ வைத்திருக்கிற வீடு இரண்டு உண்டு, கண்ணாடி இறக்குகிற கைப்பிடியைக்கூட அங்கே கழற்றிக்கொண்டு வரலாம்.

மாமனார் டர்பன் வார்விக் பக்கம் உள்ள விடிகாலை மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்தவர். இந்த வண்டியில்தான் ராத்திரி இரண்டரைக்குக் கிளம்புவார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கிற சோக் குமிழைப் பாதி இழு, ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை மிதி, மூன்றாவது தடவை மிதித்தால் பெட்ரோல் அடைத்துக்கொள்ளும், சாவியைத் திருப்பு, சத்தம் ஒரே சீராக வந்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளு. இதில் எந்த இடத்திலும் அவசரப்பட முடியாது. மழைநாளில் சும்மா போனால் தொட்டியில் ஒரு மணல் மூட்டை கட்டாயம். இன்ஜின் முன்னால், இழுக்கிற சக்கரம் பின்னால், பின்னால் பாரம் இல்லையென்றால் வளைவில் வால் ஆட்டும். அந்த மூட்டைக்கு என் பிள்ளைகள் சின்ன வயதில் பெயர்கூட வைத்திருந்தார்கள்.

ஒரு ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது பெரிய விஷயம். இரண்டு அண்டா கூழ், வேப்பிலை, வாழைமரம் எல்லாம் தொட்டியில், நாங்கள் இரண்டு பேரும் முன்னால். பாதி வழியில் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, வண்டி சும்மா முனகிக்கொண்டு நிற்கிறது. என் வீட்டுக்காரர் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார், வாழைமரம் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்தார், ஒரு நுனியைக் கார்புரேட்டரில் கட்டினார், மறு நுனியைப் பானெட் இடுக்கு வழியாக என் பக்கத்து ஜன்னலுக்குள் விட்டார். இனிமேல் ஆக்சிலரேட்டர் நான். அவர் கிளட்சை மிதித்து "ம்" என்றால் நான் கயிற்றை இழுக்க வேண்டும், கியர் மாற்றும்போது விட வேண்டும். முதல் நூறு கெஜம் சண்டை, நான் இழுத்த இழுப்பில் அண்டாவிலிருந்து கூழ் சிந்தி வாழையிலையெல்லாம் பூசிவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. கோயில் வாசலில் போய் நிற்கும்போது அவர் "ம்" சொல்லாமலே நான் கயிற்றை விட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் செய்த காரியம் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தால் சட்டென்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

என் மகனுடைய புதுக் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஷோரூமில் நான்கு நாள் வைத்திருந்து, கம்ப்யூட்டர் சொன்னது என்று ஒரு பில் கொடுத்தார்கள். என்ன கோளாறு என்று அவனுக்கும் தெரியாது, பில் போட்ட பையனுக்கும் தெரியாது. சரி, விடுங்கள்.

ஆனால் கையால் ரிப்பேர் பார்க்கலாம் என்பதற்காக மட்டும் இதன்மேல் ஆசை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. 2022 ஏப்ரலில் இங்கே பெருவெள்ளம் வந்தது, எங்கள் மாகாணமான குவாசூலு நட்டாலில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற நிலையத்தையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. டேங்கர் எப்போது வரும், எந்தத் தெருவுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருந்த சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள், தினமும் சாயங்காலம் இருபத்தைந்து லிட்டர் கேன்களை அடுக்கிக்கொண்டு அங்கே போவேன். இருபது கேன் என்றால் அரை டன், வண்டி தாங்குவது அவ்வளவுதான், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் நேராகிவிடும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எட்டு வீட்டுக்கு அந்தத் தண்ணீர். சொகுசுக் கார் வைத்திருந்த வீடுகளும் அந்த எட்டில் உண்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் இறக்க வந்துவிடுவார்.

பழைய பக்கி வைத்திருப்பது அப்படித்தான், பத்திரம் நம் பெயரில் இருக்கும், வண்டி தெருவுக்கே சொந்தம். கல்யாண வீட்டு நாற்காலி, டிசம்பர் வந்தால் ரோட்டோரம் நிறுத்தி விற்கிற லிச்சிப் பழம், குளிர்காலத்தில் கடலோரம் மத்தி மீன் கூட்டம் வருகிறபோது அள்ளிக்கொண்டு வருகிற கூடைகள், இறந்தவர் வீட்டுக்குப் பந்தல் கம்பு எல்லாம் ஏறும். புது வண்டியில் மீன்கூடை ஏற்ற யாருக்கு மனசு வரும்? கீறல் விழுமே என்று கேட்கத் தயங்குவார்கள். எங்கள் வண்டியில் இனிக் கீறல் விழ இடமில்லை, அதனால் யாரும் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கூச்சமில்லாமைதான் பிடித்திருக்கிறது.

கட்டுரையாளர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏர்பேக் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக் கிடையாது, மோதினால் நம் முட்டிதான் பம்பர். திருடனுக்கும் இந்த வண்டிமேல் ஆசை அதிகம், கியர் லாக் போடாமல் ரொட்டி வாங்கக்கூட இறங்குவதில்லை. ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தொட்டியில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம், இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. காசு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை இப்படி ஏற்றுவதை 2017-ல் இங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள், நல்ல வேலை செய்தார்கள். இப்போதெல்லாம் நெடுஞ்சாலையில் நான் இதை எடுப்பதில்லை, ஊருக்குள்ளே மட்டும்தான்.

மாமனார் போய் ஆறு வருஷமாகிறது. விற்றுவிடலாமா என்று அவர் இருக்கும்போதே ஒருமுறை பேச்சு வந்தது. "வித்துட்டா அப்புறம் யாரு நம்ம வீட்டுக்கு வருவா?" என்றார்.

வருகிற சனிக்கிழமை எதிர்வீட்டுக்காரர்களுக்கு ஃப்ரிட்ஜ் ஏற்ற வேண்டும். வண்டி தருகிறேன் என்று சொல்லிவிட்டேன், கயிறு மட்டும் அவர்களே கொண்டுவரட்டும். போன தடவை வாங்கிப்போன கயிறு இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
டொங்காட், தென்னாப்பிரிக்கா