நாய்களுக்கு இன்னொரு ஊசி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எமது ஊரில் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்ட அன்று, லீஷ்மேனியாசிஸ் எனும் ஆறாத தோற்புண் நோய்க்கும் நாய்களுக்கு ஊசி உண்டாமே, அதையும் சேர்த்து ஏற்றினால் என்ன என்று அயலவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஊசி இருப்பது உண்மையே. மத்தியதரைக்கடல் நாடுகளில் லீஷ்மேனியா இன்பான்டம் என்ற ஒட்டுண்ணி நாய்களில் தங்கி, மணல் ஈ கடிப்பதால் மனிதருக்குத் தொற்றுகிறது. அங்கு பயன்படுத்துவதற்கென ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலும் 2016 இலும் இரு தடுப்பூசிகளை அனுமதித்தது. அவை நாய் நோயுற்று மெலியும் வாய்ப்பைக் குறைக்கின்றனவே அன்றித் தொற்றை முற்றாகத் தடுப்பதில்லை. இலங்கையிலோ நோய்க்குக் காரணம் லீஷ்மேனியா டொனோவானி என்ற வேறோர் இனம். இங்குள்ள நாய்களிலும் தொற்று காணப்பட்டிருக்கிறது. ஆயினும் மனிதருக்கு அது நாயிடமிருந்துதான் வருகிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. இந்நிலையில் ஊசியை இறக்குமதி செய்வதற்குப் பணம் செலவிடுவது முறையன்று என்பதே என் கருத்து.

அதற்காக வாளாவிருக்கவும் முடியாது. அநுராதபுரம், அம்பாந்தோட்டை போன்ற மாவட்டங்களில் வேரூன்றிவிட்ட இந்நோய் 2008 முதல் சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக உள்ளது. அதைப் பரப்பும் மணல் ஈ எமது நெடுந்தீவிலும் இருப்பது பதிவாகியுள்ளது. நுளம்பைப் போல் தேங்கிய நீரில் அன்றி, மாட்டுக்கொட்டிலின் ஈரமண்ணிலும் சுவர் வெடிப்பிலும் குப்பைச் சருகிலும் பெருகும் இந்த ஈ, நுளம்பின் மூன்றில் ஒரு பங்கு அளவே இருப்பதால் சாதாரண நுளம்புவலைக் கண்ணாலும் புகுந்துவிடும். கொட்டிலோரம் படுத்துறங்கும் நாய்க்கு டெல்டாமெத்ரின் எனும் பூச்சிக்கொல்லி ஊட்டிய கழுத்துப்பட்டி அணிவித்தால் ஈ அதை அண்டுவது குறையும்.

நாய்களை அழிக்க வேண்டும் என்று எவரும் எழ வேண்டாம். பிரேசிலில் தொற்றுள்ள நாய்கள் ஆண்டுக்கணக்காகக் கொல்லப்பட்டும் நோய் அடங்கவில்லை.

விசர்நோய்த் தடுப்பூசிக்காக நாய்கள் ஓரிடத்தில் கூடும் நாட்களிலேயே, உரிமையாளர் சம்மதத்துடன், சிறிதளவு இரத்த மாதிரி பெற்று லீஷ்மேனியா தொற்று உண்டா எனப் பரிசோதிக்க மாகாணக் கால்நடைத் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் இணைந்து ஏற்பாடு செய்ய வேண்டும். நோவில்லாத சிறு பரு மாதக்கணக்கில் ஆறாதிருந்தால், எண்ணெய் பூசிக் காலங்கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடுதோறும் சொல்லவும் வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.