நினைவுப் பெட்டிகளுக்குக் கைகொடுத்த கோலார் தங்கவயல் மக்களுக்கு

சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டைப் பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நம் சுரங்க வாழ்க்கையை அட்டைப் பெட்டிக்குள் காட்டிப் பிள்ளைகள் செய்த நினைவுப் பெட்டிகள் ஒருவழியாக முடிந்து, பார்வைக்கும் வைத்தாகிவிட்டது. அன்றைய கூட்டத்தில் யாருக்கும் சரியாக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பைண்டிங் கடை அண்ணனுக்கு. ஷூ பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது என்று சொல்லி, மில்போர்டு வெட்டிக்கொடுத்து, மூலைகளுக்குக் காலிகோ துணி ஒட்டவும் சொல்லித்தந்தார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்த்தார். அது விஷமாச்சே, பசைச் சட்டிப் பக்கம் ஒரு பிள்ளையையும் விடவில்லை. அப்புறம் நர்ஸ் அக்கா. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவியலான சயனைடு மேட்டைப் பெட்டியில் காட்ட அந்த மண்ணையே அள்ளிவரக் கிளம்பிய பயல்களை அதட்டி நிறுத்தியவர் அவர். காவிப்பொடி கலந்த ஆற்று மணலே போதுமானதாக இருந்தது.

ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மூடியைத் திறந்தால் மேல்தட்டில் தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டிய தொழிலாளர் லைன் வீடுகள், தட்டிச் சுவருக்கு ஈர்க்குச்சி. அதன் கீழே கறுப்படித்த சுரங்கக் குழி. நூலை விட்டால் ஆளிறக்கும் கூண்டு இறங்கும். அடியில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பித்தளை டோக்கன், எண் பாதி தேய்ந்தது. அதைச் சாமி படத்துப் பக்கத்திலிருந்து எடுத்துத் தந்த பாட்டி கேட்டது ஒன்றுதான்: "பத்திரமா திரும்ப வருமில்ல?" 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபின் அவர் வீட்டுக்காரருடையதாக மிஞ்சியது அது மட்டும்தான். பாட்டி, உங்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை எப்படிச் சுடும், அழுத்தத்தில் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்ட் வந்தால் மேலே வீட்டில் பாத்திரம் எப்படி உருளும் என்று சொன்ன தாத்தாக்கள் இல்லாவிட்டால் அந்தக் குழி வெறும் கறுப்பு அட்டைதான். வட ஆற்காட்டிலிருந்து வந்த கதையைச் சொல்லும்போது இருமல் வந்து நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தீர்களே, அதைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்கு வந்ததை எடுத்துச் சொன்ன வாத்தியாருக்கும், அதைக் கேட்டு ஒரு பெட்டிக்கு விளக்கு போட்டுத்தந்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இரவில் களைத்து வந்தும் பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து காட்டிய அக்காக்களுக்குக் கூடுதலாக ஒரு நன்றி.

பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் சிலர் "தங்கம் எங்கே?" என்று கேட்டார்கள். எங்கள் வீடுகளில் இல்லாததைப் பெட்டியில் எங்கிருந்து வைப்பது?

டோக்கனை வரும் ஞாயிறு நாங்களே பாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். போட்டோக்களும் நகலெடுத்தாயிற்று. கவரில் பெயர் எழுதாமல் கொடுத்தவர்கள் மட்டும் வந்து அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணக் கோலத்தில் நிற்கும் ஒரு ஜோடியை இன்னும் யாரும் கேட்கவில்லை.