நிலாவெளிக் காணி பற்றி

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதைவிட, நிலாவெளிக் காணியில் கோழிப்பண்ணை போடப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கீழே எரிமலை இருக்கிறதா என்று பேரன் கேட்டானாம். இல்லை என்று சொல். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. ஆனால் எரிமலை மண்ணில் குடியிருப்பவர்களின் தண்ணீர்க் கதை உன் பண்ணை யோசனைக்கு உதவும்.

தென்கொரியாவின் ஜெஜு தீவு எரிமலைக் குழம்பு ஆறி உண்டானது. பாறையெல்லாம் வெடிப்பும் துளையும். பெய்கிற மழை சட்டென்று உள்ளே போய்விடும். ஆறுகள் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். குடிப்பதும் நிலத்தடித் தண்ணீரைத்தான். தோடைத் தோட்டத்துப் பசளையும் பன்றிப்பண்ணைக் கழிவும் அதே வழியால் இறங்கி, நைத்திரேற்று என்ற தண்ணீரில் கரையும் உப்பாகக் கிணற்றுக்கு வருகின்றன. 2017இல் சில பண்ணைக்காரர் கழிவை நிலப் பிளவுகளுக்குள்ளேயே ஊற்றியது வெளியே வந்து ஊரே கொதித்தது.

யப்பானின் குமமோட்டோ நகரத்துக் குழாய்த் தண்ணீர் முழுவதும் நிலத்தடியிலிருந்துதான். ஆசோ எரிமலை கக்கிய படிவுகளுக்குள் தேங்கிய தண்ணீர் அது. தண்ணீர் கட்டும் வயல்கள் குறைய, நிலத்துக்குள் ஊறும் தண்ணீரும் குறைந்தது. 2004 முதல், நெல் விதைக்காத வயல்களில் தண்ணீர் கட்ட விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். என்ன அருமையான வேலை, பார்!

நிலாவெளி மணலும் ஜெஜுப் பாறை மாதிரித்தான், எதையும் பிடித்து வைக்காது. போன மாரியில் அந்தக் காணிக்குப் பக்கத்து வளவில் பார்த்தேன். கிணற்றுக்கட்டுக்கு நாலடி தள்ளி வெங்காயத்துக்கென்று கோழி எரு குவித்திருந்தார்கள். குவியலிலிருந்து தேயிலைச் சாயம்போல ஒரு கோடு கிணற்றுக்கட்டின் அடிவரை போய் மணலுக்குள் மறைந்தது. வாளியில் அள்ளிய தண்ணீரோ கண்ணாடி. அதுதான் எனக்குப் பயம். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, காய்ச்சினாலும் போகாது. லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் பால்மாவைக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

பண்ணை போட வேண்டாம் என்று சொல்லவில்லை மச்சான். எருவைச் சீமெந்துத் தரையில், கூரைக்குக் கீழே வை. கிணறுகளுக்குத் தூரமாக, தண்ணீர் கடலுக்கு வடியும் பக்கமாகப் பார்த்து இடம் எடு. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் சேர். காணி எழுதுவதற்கு முன் ஒருதரம் வந்து போ. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்போம். மாரிக்கு முன்னர் ஒருமுறை, பின்னர் ஒருமுறை பார்த்தால்தான் சரி.

அன்புடன்,
உன் மச்சான்