ஒரு வீட்டைப் பார்க்க ஏன் இரண்டு முறை வருகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய வீடோ பிளாட்டோ வாங்கும் முன், அதில் குறை இருக்கிறதா என்று ஆய்வு செய்ய எங்களைக் கூப்பிடுகிறவர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. “ஒரே நாளில் பார்த்து முடித்துவிடக் கூடாதா, மறுபடியும் எதற்கு?” ஃபோனில் இரண்டு வரியில் சொன்னால் சரியாகப் புரிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் முறை போகும்போது வீடு நம் வருகைக்குத் தயாராக இருக்கும். ஜன்னல் திறந்திருக்கும், எல்லா விளக்கும் எரியும், பெயின்ட் வாசனைகூடப் போயிருக்காது. விற்கிறவர் வீட்டை நன்றாக வைத்துக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் சில குறைகள் வெளியே தெரியவே நேரம் பிடிக்கும். அதில் முதலாவது பாத்ரூம் கசிவு.

நம் ஊர் பிளாட்டுகளில் பெரும்பாலும் பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கிக் கட்டி, அதில் பைப்பை ஓட்டி, செங்கல் உடைசல் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்துக்குள்தான் தேங்கும். உள்ளே ஊறி ஊறி, அப்புறம்தான் கீழ் வீட்டு சீலிங்கில் தெரியும். அரை மணி நேரம் குழாயைத் திறந்து விட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் தண்ணீர் போகும் ஜாலியைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, வாசல் தடுப்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் கட்டிவிட்டு வந்துவிடுவோம். 24 மணி நேரம் கழித்துத் திரும்பப் போய், கட்டிய மட்டம் இறங்கியிருக்கிறதா, கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிகிறதா, பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் அடிப்பக்கம் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டாவது வருகைக்கு முக்கியக் காரணம் இதுதான். முடிந்தால் அதை மழை பெய்த மறுநாளில் வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த ஓட்டு இடுக்கில் பாசி பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெளிவாகத் தெரியும். கடைசி மாடி பிளாட் வாங்குகிறவர்கள் மாடிக்கு ஏறாமல் முடிவெடுக்கவே வேண்டாம்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணைப் பக்கமும் மூழ்கின. தரைத்தளம் வாங்குகிறவர்கள் இதை நேராகவே கேளுங்கள். விற்கிறவரிடம் மட்டும் கேட்டால் போதாது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் எதிர் வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். “எங்கள் தெருவில் முட்டி வரை வந்தது” என்று அவர்கள் கையாலேயே அளந்து காட்டிவிடுவார்கள். வீட்டுக்குள்ளும் தடயம் இருக்கும். சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தாலும், கப்போர்டின் உள்பக்கம், கதவு நிலையின் அடி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலை எல்லாம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு தெரியும். அப்புறம் வாசலில் நின்று, தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று கவனியுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், சென்னையில் எத்தனையோ வீடுகள் இன்று தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கின்றன.

விரிசலைக் கண்டதும் பயந்து நல்ல வீட்டை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பூச்சில் முடி போல ஓடும் விரிசல் பயப்பட வேண்டியதல்ல. சுவரும் பீமும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவதும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்குகிற, அல்லது செங்கல் வரிசையைத் தொடர்ந்து படிப்படியாகப் போகிற விரிசல் வேறு ரகம். அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம். சீலிங்கில் கம்பி ஓடும் வரிசையிலேயே கான்கிரீட் பிளந்து துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இது சாதாரணமாக வருகிறது. இதை மட்டும் “பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போய்விடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

போர் தண்ணீரின் டி.டி.எஸ். அளவையும், அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பும் தாதுக்களும் கரைந்திருக்கின்றன என்பதையும் எடுப்போம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்பதை அசோசியேஷன் கணக்கு நோட்டே சொல்லிவிடும்.

வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம், பிளான் அனுமதி இவற்றை வக்கீலிடம் காட்டுங்கள். அது எங்கள் வேலை இல்லை. ஆனால் பிளானின் ஒரு நகலை எங்களுக்கும் கொடுங்கள். அனுமதியில் இல்லாத அறையோ மாடியோ இருந்தால் நேரில் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவோம்.

உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு எங்களைக் கூப்பிடாதீர்கள். குறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பணம் கைமாறிய பிறகு விலையைக் குறைத்துக் கேட்பதும் விலகுவதும் கஷ்டம். வேறு ஆள் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்தினால், சின்னத் தொகையாக டோக்கன் கொடுத்து, ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

எங்களைக் கூப்பிடும்போது மூன்று ஏற்பாடு செய்துவிடுங்கள். மேல் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடம் இரண்டு நாளும் சீலிங்கைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். மொட்டை மாடிச் சாவி வேண்டும், அது பெரும்பாலும் அசோசியேஷன் செகரட்டரியிடம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கட்டட ஆய்வுக் குழுவினர்,
தாம்பரம்